முக்கில் ஒரு 7.6 மீட்டர்

ஜங்ஷன்ல ஒரு விபத்து நடந்தா நம்ம ஊர்ல உடனே வர்ற கேள்வி ரெண்டு. "இங்க ஏன் சிக்னல் வைக்கல?" "மேம்பாலம் எப்போ கட்டப் போறாங்க?" மேம்பாலம் என்றால் நில எடுப்பு, டெண்டர், வருஷக்கணக்கில் தடுப்புத் தகரம். சிக்னலுக்கும் பல அலுவலகம் ஏறி இறங்கணும். இதற்கு நடுவில் ஒரு மெஷரிங் டேப், நாலு டப்பா பெயிண்ட், கொஞ்சம் பிளாஸ்டிக் கம்பம் இருந்தால் முடிகிற வேலை ஒன்று இருக்கிறது. அதை யாரும் கேட்பதே இல்லை. தெருமுக்கைக் காலியாக வைப்பது. அவ்வளவுதான்.

இதைச் சும்மா சொல்லவில்லை, செய்து காட்டிய ஊர் இருக்கிறது. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், ஹட்சன் ஆற்றுக்கு இந்தக் கரையில் ஹோபோக்கன், அந்தக் கரையில் நியூயார்க்கின் மன்ஹாட்டன். அமெரிக்கா என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் எட்டு வழிச் சாலை கதை இங்கே இல்லை. மொத்த நிலப்பரப்பே சுமார் 3.2 சதுர கி.மீ. தான், அதில் 60 ஆயிரம் பேர் வசிக்கிறார்கள். குறுகிய தெரு, ஓரமெல்லாம் கார், நடுவில் பஸ், சைக்கிள், டெலிவரி வண்டி. பார்க்க நம்ம ஊர் மாதிரிதான், ஹாரன் சத்தம் மட்டும் குறைவு.

அந்த ஊரில் 2017 ஜனவரிக்குப் பிறகு ஏழு ஆண்டுகளுக்கு மேல் சாலை விபத்தில் ஒரு மரணம்கூட இல்லை. பூஜ்ஜியம்.

இந்தப் பூஜ்ஜியத்தின் எடை புரிய ஒரு சின்னக் கணக்கு. 2022ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள். எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர். மாநில மக்கள்தொகை ஏழரைக் கோடிக்குக் கொஞ்சம் மேல் என்று வைத்துக்கொண்டால், 60 ஆயிரம் பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 14 மரணம் வருகிறது. ஏழு வருஷத்துக்கு நூறு பேர். நம்ம மரணங்களில் பெரும்பங்கு நெடுஞ்சாலையில் நடப்பது, ஹோபோக்கன் நகரத் தெரு. அதனால் இது சரிக்குச் சரியான ஒப்பீடு இல்லைதான். ஆனாலும் நூறுக்கும் பூஜ்ஜியத்துக்கும் நடுவில் யோசிக்க நிறைய இடம் இருக்கிறது. அதே 2022ல் நாடு முழுக்க வண்டி மோதி இறந்த பாதசாரிகள் மட்டும் 32,825 பேர்.

சரி, முக்குக்கு வருவோம். அங்கே செய்த வேலைக்கு 'டேலைட்டிங்' என்று பெயர். முக்குக்கு வெளிச்சம் விடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜீப்ரா கிராஸிங்கை ஒட்டி வண்டி நிறுத்த விடாமல் 25 அடி, அதாவது 7.6 மீட்டர், காலியாக வைக்க வேண்டும். ஏன் 25 அடி? இங்கேதான் நம்ம பாடம் வேலைக்கு ஆகிறது. ஒரு தாளும் பேனாவும் எடுங்க.

நீங்கள் பிளாட்பாரம் விளிம்பில் ரோடு கடக்க நிற்கிறீர்கள். உங்கள் பக்கத்திலேயே ஓரமாக ஒரு வேன் நிற்கிறது. அகலம் 2 மீட்டர். வருகிற காரின் டிரைவர் கண், பிளாட்பாரம் விளிம்பிலிருந்து 3.5 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைப்போம். உங்களையும், வேனின் வெளி மூலையையும், டிரைவரையும் இணைத்து ஒரு நேர்கோடு போடுங்க. அந்தக் கோட்டை டிரைவர் தொடும்போதுதான் நீங்கள் அவர் கண்ணுக்குப் படுவீர்கள். ஒத்த முக்கோணம், பத்தாம் வகுப்பு கணக்கு. வேன் உங்களிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறதோ, அதை 3.5க்கு 2 என்ற விகிதத்தால், அதாவது 1.75ஆல் பெருக்கினால் டிரைவர் உங்களை முதன்முதலில் பார்க்கும் தூரம் வந்துவிடும்.

வேன் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் 2.6 மீட்டர். அதாவது கார் உங்கள் மேல் ஏறுவதற்கு ஒரு கார் நீளம்கூட இல்லாதபோதுதான் டிரைவர் உங்களைப் பார்க்கிறார். பிரேக் எல்லாம் பேச்சுக்குத்தான். வேனை 7.6 மீட்டர் தள்ளி நிறுத்தினால் 13.3 மீட்டர்.

இப்போ அந்த 13.3 மீட்டரில் என்ன நடக்கும்? டிரைவர் கவனமாக இருக்கிறார், பார்த்து ஒரு வினாடியில் பிரேக் மிதிக்கிறார், ரோடு காய்ந்திருக்கிறது, வேகம் ஒவ்வொரு வினாடியும் 7 மீ./வினாடி என்ற வீதத்தில் குறைகிறது என்று தாராளமாகவே எடுத்துக்கொள்வோம். மணிக்கு 30 கி.மீ. வேகம் என்றால் அந்த ஒரு வினாடியில் 8.3 மீட்டர் போய்விடும். மீதி, வேகத்தின் வர்க்கத்தை 14ஆல் வகுத்தால் 5 மீட்டர். மொத்தம் 13.3. கார் உங்கள் முன்னால் வந்து நிற்கிறது. முட்டி நடுங்கும், திட்டுவீர்கள், வீட்டுக்குப் போய்விடுவீர்கள்.

40 கி.மீ. வேகம் என்றால் ஒரு வினாடியில் 11.1 மீட்டர் காலி. பிரேக் பிடிக்கக் கிடைப்பது 2.2 மீட்டர். மோதும்போது வேகம் 35 கி.மீ.

50 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு வினாடிக்கே 13.9 மீட்டர் வேண்டும். கால் பிரேக்குக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே கார் உங்களைத் தாண்டிவிடுகிறது. முழு 50 கி.மீ. வேகத்திலேயே மோதல்.

இந்த மூன்று விடையையும் திரும்ப ஒரு தடவை பாருங்க. வேகம் 30லிருந்து 40 ஆக மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. ஆனால் மோதும் வேகம் பூஜ்ஜியத்திலிருந்து 35க்குத் தாவிவிட்டது. "கொஞ்சம்தானே வேகமாப் போனேன்" என்ற பேச்சு இந்தக் கணக்கில் நிற்காது. காலி இடம் மட்டும் இருந்தும் பிரயோஜனம் இல்லை, வேகத்தை மட்டும் குறைத்தும் பிரயோஜனம் இல்லை என்பதும் இதிலேயே தெரிகிறது. இரண்டும் சேர்ந்து ஒரே டிசைன்.

உண்மையில் இதுவும் போதாது. டிரைவர் எப்போதும் ஒரு வினாடியில் சுதாரிப்பார் என்று எந்த இன்ஜினியரும் நம்ப மாட்டார். நம்ம இந்தியன் ரோடு காங்கிரஸ், சாலை வடிவமைப்புக்கு 2.5 வினாடி எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அப்படிப் பார்த்தால் 30 கி.மீ. வேகத்துக்கே 30 மீட்டர் வரை தேவை. அதற்குத்தான் அடுத்த படி: காலியான அந்த முக்கில் பிளாட்பாரத்தையே 2 மீட்டர் ரோட்டுப் பக்கம் நீட்டிவிடுவது. இப்போது நீங்கள் நிற்பது வேனின் வெளி விளிம்புக்கு நேராக. உங்களை மறைக்க எதுவுமே இல்லை, தூரத்திலிருந்தே தெரிவீர்கள். கடக்க வேண்டிய அகலமும் 2 மீட்டர் குறைகிறது. திரும்பும் வண்டி வளைவைச் சிறிதாக எடுத்தாக வேண்டும், அதனால் தானாகவே மெதுவாகும். எனக்கு இந்த டிசைனில் மிகவும் பிடித்த இடம் இதுதான். யாருக்கும் அறிவுரை சொல்லாமல், போலீஸ் நிற்காமல், வடிவமே வேலையைச் செய்கிறது.

ஹோபோக்கன் இதில் ஒரு கல்லில் இன்னொரு மாங்காயும் அடித்தது. ஆற்றங்கரைத் தாழ்நிலம், மழை பெய்தால் வெள்ளம். 2012ல் சாண்டி புயலில் ஊரின் பெரும்பகுதி மூழ்கியது. அதனால் நீட்டிய முக்குகள் பலவற்றில் கான்கிரீட் போடாமல், மழைநீரை உள்வாங்கும் சிறு தோட்டம் வைத்தார்கள். கார் நிறுத்த முடியாத இடம், தண்ணீர் நிற்கிற இடமாகவும் ஆனது. சில முக்குகளில் சைக்கிள் ஸ்டாண்டு. காசு இல்லாத இடத்தில் வெறும் பெயிண்டும் வளையும் பிளாஸ்டிக் கம்பமும்.

இனி மன்றத்தின் வேலை. கிராஸிங்கிலிருந்து 25 அடிக்குள் நிறுத்தக் கூடாது என்பது நியூஜெர்சி மாநிலச் சட்டத்தில் ஏற்கெனவே இருந்ததுதான். யாரும் மதிக்கவில்லை, அவ்வளவுதான். 2015ல் ஒரு மூதாட்டி அந்த ஊரின் பிரதானத் தெருவைக் கடக்கும்போது வேன் மோதி இறந்தார். அப்போது கவுன்சிலராக இருந்த ரவி பல்லா 2018ல் மேயரானார். 2030க்குள் சாலை மரணமும் காயமும் இல்லாத ஊர் என்ற இலக்கை 2019ல் ஆணையாகவே வெளியிட்டார். ஆனால் மேயர் கையெழுத்து மட்டும் போதாது. வேக வரம்பு மாற வேண்டுமானால் நகர மன்றத்தில் அவசரமில்லாமல் இரண்டு முறை வாசித்து, நடுவில் பொதுமக்களை மைக்கில் பேசவிட்டு, பிறகு ஓட்டெடுப்பு. மன்றத்தில் ஒன்பது பேர். ஆறு பேர் வார்டு உறுப்பினர்கள், மூன்று பேர் ஊருக்குப் பொது. 2022ல் ஊர் முழுக்க வேக வரம்பு மணிக்கு 25 மைலிலிருந்து 20 மைலாக, அதாவது 40லிருந்து 32 கி.மீ. ஆக இறங்கியது. மேலே போட்ட கணக்கில் 40க்கும் 30க்கும் என்ன வித்தியாசம் வந்தது என்று நினைவிருக்கும்.

எதிர்ப்பு இல்லாமலா? பார்க்கிங் போச்சே என்று சண்டை நடந்தது. இடமே இல்லாத ஊரில் முக்குக்கு முக்கு கார் இடத்தை எடுத்தால் கோபம் வரத்தான் செய்யும். கார் நிறுத்த இடம் இழந்தவருக்குத் தான் இழந்தது என்ன என்று தெரியும். உயிர் பிழைத்தவருக்குத் தான் பிழைத்ததே தெரியாது. அதனால் கூட்டத்துக்கு வருவது எப்போதும் முதல் கூட்டம்தான். மன்றம் இதைச் சமாளித்த விதம் எளிமையானது. எல்லாத் தெருவையும் ஒரே நாளில் மாற்றவில்லை. எந்தத் தெருவுக்கு எப்படியும் புது தார் போட வேண்டியிருக்கிறதோ, அந்த வேலையோடு முக்கையும் சேர்த்து மாற்றிக்கொண்டே வந்தார்கள்.

பக்கத்து ஊர் ஜெர்சி சிட்டி ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டுகிறது. 2022ல் அங்கே மாநகராட்சிக்குச் சொந்தமான தெருக்களில் மரணம் பூஜ்ஜியம். அதே ஊருக்குள் ஓடும் கவுண்டி சாலையிலும் மாநிலச் சாலையிலும் மரணங்கள் இருந்தன. மன்றத்தின் பேனா எட்டிய இடம் வரை பாதுகாப்பு.

நம்ம ஊர்ச் சிக்கலும் இதேதான், இன்னும் பல மடங்கு. 74வது அரசியல் சட்டத் திருத்தத்தின் 12வது அட்டவணையைப் பார்த்தால், சாலை, தெருவிளக்கு, பார்க்கிங், பஸ் நிறுத்தம் எல்லாம் நகராட்சி அமைப்புகளுக்குத் தரக்கூடியவை என்று இருக்கிறது. ஆனால் ஒரு ஜங்ஷனில் நின்று பாருங்க. ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது, குறுக்கே வரும் தெரு மாநகராட்சியுடையது, சிக்னலைப் பார்ப்பது போக்குவரத்து போலீஸ், முக்கில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர் மின்வாரியத்துடையது, பஸ் நிற்பது போக்குவரத்துக் கழகம். மாமன்றத்தில் கவுன்சிலர் எழுந்து பேசினால், "அது எங்க ரோடு இல்லீங்க" என்று ஒரு பதில் வந்துவிடும்.

இன்னொன்று, நாம் காத்திருக்கும் விதம். தேசிய நெடுஞ்சாலையில் ஓர் இடம் 'பிளாக் ஸ்பாட்' ஆக வேண்டுமானால், சுமார் 500 மீட்டருக்குள் மூன்று ஆண்டுகளில் மரணமோ கொடுங்காயமோ ஏற்பட்ட விபத்து ஐந்தாவது நடந்திருக்க வேண்டும், அல்லது பத்துப் பேர் இறந்திருக்க வேண்டும். பட்டியலில் இடம் பிடிக்க உயிர்தான் விண்ணப்பக் கட்டணம். ஹோபோக்கனில் ஒரு முக்கில் உயிர் போகும் வரை காத்திருக்கவில்லை. தார் போடும் தெரு எது என்று பார்த்தார்கள்.

அப்படியே காப்பி அடிக்க முடியுமா என்றால், முடியாது. ஜங்ஷனுக்கும் கிராஸிங்குக்கும் பக்கத்தில் வண்டி நிறுத்தக் கூடாது என்று நம்ம விதியும் சொல்கிறதுதான். ஆனால் நம்ம முக்கில் நிற்பது கார் மட்டும் இல்லை. ஆட்டோ ஸ்டாண்டு, இளநீர் வண்டி, பூக்கடை, டீக்கடையில் நிற்கும் பைக். பூக்கார அம்மா உட்கார்ந்திருந்தால் டிரைவர் பார்வையை மறைக்காது. ஓரத்தில் நிறுத்திய மினி லாரி மறைக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் "ஆக்கிரமிப்பு அகற்றம்" என்று ஆரம்பித்தால் முதலில் போவது பூக்கூடைதான், லாரி அங்கேயே நிற்கும். 2014ன் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி விற்பனைக் குழு இருக்கிறது. வண்டிக்கடைகளை எங்கே வைப்பது என்பதை அங்கே பேசித்தான் முடிக்கணும்.

மாணவர்கள் கை வைக்கக்கூடிய இடமும் உண்டு. மாநகராட்சி வார்டுகளில் பகுதி சபை என்று ஒன்று இருக்கிறது. அந்தந்தப் பகுதி வாக்காளர்கள் கவுன்சிலர் முன்னால் கூடிப் பேசும் கூட்டம். ஹாஸ்டல்வாசிகளின் ஓட்டு பெரும்பாலும் சொந்த ஊரில் இருக்கும், அதனால் அந்த வார்டிலேயே வீடு இருக்கிற டே ஸ்காலர் யாராவது முன்னால் நிற்பது நல்லது. மற்றவர்களுக்குக் கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டம். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவரும் கலெக்டர்தான். மேலே சொன்ன துறைகளில் பலவும் ஒரே மேஜையில் உட்காரும் இடம் அது.

போகும்போது "சிக்னல் வேணும்" என்று மட்டும் எழுதிக்கொண்டு போகாதீங்க. நாலு முக்கையும் டேப் வைத்து அளந்து, கிராஸிங்கிலிருந்து முதல் வண்டி எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று காலை எட்டரைக்கும் மாலை ஐந்துக்கும் ஒரு வாரம் குறியுங்க. அதை 1.75ஆல் பெருக்கி, டிரைவருக்குக் கிடைக்கும் தூரத்தைப் பக்கத்திலேயே எழுதுங்க. அந்த ரோட்டுக்கு அடுத்து எப்போது தார் போடப் போகிறார்கள், அதற்கான எஸ்டிமேட்டில் முக்கு சேர்ந்திருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்க. கட்டணம் பத்து ரூபாய். எஸ்டிமேட் கையெழுத்தாகும் முன்னால் கேட்டால் பிளாட்பாரத்தை 2 மீட்டர் நீட்டுவது ஒரு வரி கூடுதல் வேலை. தார் காய்ந்த பிறகு கேட்டால் அடுத்த ரோடு போடும் வரை காத்திருக்கணும்.