மதிப்பெண்ணா? மனச்சான்றா?

ஈரோட்டில், 2018-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் தெருவிலே கிடந்த பையொன்றைக் கண்டெடுத்தான். உள்ளே 50,000 ரூபாய்! எளிய குடும்பத்துப் பிள்ளை. ஊராட்சி ஒன்றியப் பள்ளி மாணவன். பையை மறைக்கவில்லை, பதுக்கவில்லை. ஆசிரியரிடம் கொடுத்தான், பணம் காவல்துறைக் கண்காணிப்பாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. நாடு பாராட்டிற்று. பின்னர் அந்நிகழ்ச்சி இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலேயே இடம்பெற்றது.

மன்னர் மகனின் கதையல்ல, மாளிகையில் பிறந்தவனின் கதையல்ல. ஏழை வீட்டுப் பிள்ளையின் நேர்மை பாடமாயிற்று. பெருமைதான். ஆனால் பாடம் அச்சிட்டால் போதுமா, தோழர்களே? அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடுகிற பிள்ளை, வீட்டிலும் வீதியிலும் எதைக் காண்கிறான்? அதுவன்றோ கேள்வி!

அமராவதிக் கரையிலே கொமரலிங்கம் இருக்கிறது. அமராவதி அணை கட்டப்பட்டது 1957-ல். அதற்கு முன்பே அங்கே ராஜவாய்க்கால் பாசனம் உண்டு. வாய்க்கால் பாசனத்தின் உயிர் எங்கே இருக்கிறது? தண்ணீரில் பாதி; முறையில் பாதி! தலைமடைக்காரன் தன் முறை முடிந்ததும் மடையை அடைத்தால்தான் கடைமடைக்காரன் வயல் நனையும். நள்ளிரவில் மண்வெட்டியோடு போய் மடையை வெட்டிவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்? யாரும் பார்க்கமாட்டார்கள். ஆனால், கடைமடையில் ஒரு குடும்பத்தின் பயிர் காயும். நேர்மை என்பது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. அது இன்னொருவன் சோறு! அந்த ஊர்ப் பிள்ளைக்கு இதை விளக்க வேறு உவமை எதற்கு? வாய்க்கால் வரப்பிலே நிறுத்திக் காட்டினால் போதாதா?

இப்பகுதிப் பிள்ளைகளில் பலர் நாளை பனியன் கம்பெனிக்குப் போவார்கள். செக்கிங் மேசையில் நிற்கும்போது, ஓட்டை விழுந்த பீஸை நல்ல பீஸோடு சேர்த்துத் தள்ளுவதா, எடுத்து வைப்பதா என்ற கேள்வி வரும். கணக்கு எழுதும் நாற்காலியில் அமர்ந்தால், தொழிலாளியின் மிகைநேரக் கூலியைக் குறைத்து எழுதச் சொல்லும் குரல் காதில் விழும். அன்று பதில் சொல்லும் துணிவை இன்று பள்ளிக்கூடம் தரவேண்டும்.

தராவிட்டால் என்ன ஆகும்? நொய்யலைக் கேளுங்கள், சொல்லும்! பாசனத்துக்கென 1992-ல் கட்டி முடிக்கப்பட்டது ஒரத்துப்பாளையம் அணை. வந்து தேங்கியதோ சாயக்கழிவு! உழவன் கேட்டது நீர், கிடைத்தது நஞ்சு. 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. விதியை மீறியவனோடு சேர்ந்து, செலவழித்துக் கழிவைச் சுத்திகரித்தவனும் கதவை அடைத்தான். ஒரு பாவமும் அறியாத தொழிலாளி வேலையிழந்தான். சிலர் செய்த சூதுக்கு ஊரே கொடுத்த விலை அது!

தேர்வுக் கூடத்துக்கு வருவோம். 2019 செப்டம்பரில் நடந்த குரூப்-4 தேர்வில், சில மணி நேரத்தில் மறைந்துபோகும் மையைக் கொண்டு மோசடி செய்தார்கள். 99 பேர் வாழ்நாள் முழுதும் தேர்வாணையத் தேர்வு எழுதத் தடை விதிக்கப்பட்டது. 2024-ல் நீட் தேர்வு! 'தகுதி, தகுதி' என்று நம் பிள்ளைகளின் தலையிலே தட்டினார்களே, அந்தத் தகுதித் தேர்வின் வினாத்தாள் பாட்னாவிலும் ஹசாரிபாக்கிலும் வெளியானது உண்மை என்று உச்ச நீதிமன்றமே கூறிற்று. பணம் கொடுத்தவன் வினாத்தாளைப் பெற்றான். விளக்கடியில் விழித்துப் படித்தவன் ஏக்கத்தைப் பெற்றான். இதுவா தகுதி? இதுவா நீதி?

மேலிடத்தைக் கேட்பது நம் கடமை. ஆனால் நம் வீட்டையும் கேட்கவேண்டாமா? 'வீட்டுப்பாடம் எழுதவில்லை, ஐயா' என்று உண்மை சொன்ன பிள்ளைக்கு அடி. 'நோட்டை மறந்துவிட்டேன்' என்று பொய் சொன்னவனுக்கு மன்னிப்பு! எதைக் கற்பிக்கிறோம்? நூற்றுக்கு நூறு தேர்ச்சி வேண்டும் என்பதற்காகத் தேர்வறையில் கண்ணை மூடிக்கொள்ளும் ஆசிரியர், ஆண்டு முழுதும் நடத்திய பாடத்தை மூன்று மணி நேரத்தில் அழித்துவிடுகிறார். 'கடன்காரர் வந்தால் அப்பா ஊரில் இல்லையென்று சொல்' என்று பிள்ளையை வாசலுக்கு அனுப்பும் தந்தை, திருக்குறளை ஒப்பிக்கவில்லை என்று கோபிக்கலாமா?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்வோம். நம் தோழர்களுக்கும் சேர்த்தே சொல்வோம். பணப் பட்டுவாடாப் புகாரால் 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் வாக்குப்பதிவு நிறுத்தப்பட்டது. 2017-ல் சென்னை ஆர்.கே. நகர், 2019-ல் வேலூர். வாக்குக்கு நோட்டை வாங்கி அஞ்சறைப் பெட்டியில் வைக்கும் கையைப் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். கொடுத்தவர் எந்தக் கொடி பிடித்தவர் என்று அவன் கேட்பதில்லை; 'நேர்மைக்கு ஒரு விலை உண்டு போலும்' என்றுதான் கற்றுக்கொள்கிறான். மேடையில் அறம் பேசும் எவருக்கும் இதிலே விலக்கு இல்லை!

வழி உண்டா? உண்டு. அரசுப் பள்ளிகள் சிலவற்றில் 'நேர்மை அங்காடி' நடத்துகிறார்கள். எழுதுகோல் உண்டு, ஏடு உண்டு, உண்டியல் உண்டு; விற்பவர் மட்டும் இல்லை! பிள்ளையே எடுக்கிறான், பிள்ளையே காசு போடுகிறான். கொமரலிங்கத்திலும் சுற்றியுள்ள ஊர்ப் பள்ளிகளிலும் இத்தகைய கடை வேண்டும். மாலையில் கணக்கைக் கரும்பலகையில் எழுதட்டும். காசு குறைந்தால், திருடன் யார் என்று தேடவேண்டாம். ஏன் குறைந்தது என்று வகுப்பே பேசட்டும். பென்சில் வாங்கக் காசில்லாமல் ஒரு பிள்ளை எடுத்திருந்தால், அவனுக்குத் தேவை தண்டனை அல்ல, பென்சில்! வறுமையைப் போக்காமல் ஒழுக்கத்தை மட்டும் ஓதுவது, பசித்தவனுக்குப் பந்தியைப் பற்றிப் பாடுவது போன்றது.

உண்மை சொன்ன பிள்ளையை முதலில் பாராட்டுங்கள். தவற்றைப் பிறகு திருத்துங்கள். பார்த்தெழுதிய தொண்ணூறைவிடத் தானே எழுதிய நாற்பது மேலானது என்று பெற்றோர் முன்னிலையில் சொல்லுங்கள். சொன்னபடி நில்லுங்கள்.

கள்ளாமைக்கென ஓர் அதிகாரம், வாய்மைக்கென ஓர் அதிகாரம் வகுத்தவர் வள்ளுவர். அவற்றை மனப்பாடம் செய்யப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நடந்து காட்டப் பெரியவர்கள் வேண்டும்!