கை சுட்டுச்சா? அதை முதல்ல கேளுங்க!

எங்கள் அம்மா வீட்டு சமையலறைக் கூரையில் ஒரு மஞ்சள் வட்டம் இருக்கிறது. சுண்ணாம்பு அடித்தாயிற்று, பெயின்ட் அடித்தாயிற்று. ஆறு மாதம் போனால் மறுபடி எட்டிப் பார்த்துவிடும். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் அண்ணாந்து பார்த்து, "அது இன்னாது மேல?" என்று கேட்பார்கள். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உற்சாகமாகக் கதையை ஆரம்பித்துவிடுவார்.

புதுச்சேரியைத் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால் கோட்டக்குப்பம். விழுப்புரம் மாவட்டத்தின் கடலோர ஊர். ஒரு பக்கம் மீனவர் குப்பங்கள், இன்னொரு பக்கம் பள்ளிவாசல் தெருக்கள். காலை பத்து மணிக்கு எங்கள் தெருவில் நடந்தால், எந்த வீட்டில் என்ன சமையல் என்று மூக்கே சொல்லிவிடும். எந்த வீட்டில் என்ன கருகியது என்பதையும் சேர்த்துத்தான்.

சமையலில் சொதப்பாதவர் யார்? ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு கதை இருக்கும். சில கதைகளில் சிரிப்பு மட்டும்தான். சிலவற்றில் சிரிப்புக்குப் பின்னால் ஒரு தழும்பு ஒளிந்திருக்கும்.

மாடிக்குப் போன பருப்பு

நான் அப்போது ஆறாம் வகுப்பு. சாம்பாருக்காக குக்கரில் பருப்பு வைத்திருந்தார் அம்மா. எங்களுக்குப் பள்ளிக்கு நேரமாகிவிட்டது. விசில் மட்டும் வரவே இல்லை. 'கேஸ் தீந்துபோச்சா?' என்று குனிந்து பார்த்தார். அடுப்பு நன்றாகத்தான் எரிந்தது. அணைத்துவிட்டு வெயிட்டைத் தூக்கிப் பார்த்தார். ஆவி வரவில்லை. ஆவியே இல்லையே, அப்புறம் என்ன பயம் என்று மூடியைப் பலம் கொண்ட மட்டும் திருகினார்.

டமால்!

மூடி ஒரு மூலைக்கு, பருப்பு கூரைக்கு. ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா, "என்ன உடைஞ்சது?" என்று குரல் கொடுத்தார். "ஒண்ணும் உடையல, பருப்புதான் மாடிக்குப் போயிருக்கு!" என்றார் அம்மா. அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லி இன்றுவரை குடும்பமே சிரிக்கும்.

பல வருடம் கழித்து, பிரசவத்துக்கு நான் அம்மா வீட்டில் இருந்தேன். குழந்தையைக் குளிப்பாட்டுவதற்காக அம்மா ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டபோதுதான் பார்த்தேன். முழங்கைக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சுருங்கி நிறம் மாறியிருந்தது. "இது எப்பம்மா?" என்றேன். "அதான்... பருப்பு மாடிக்குப் போன அன்னைக்கு" என்றார் சாதாரணமாக. அன்று பேனா மையை எடுத்து ஊற்றிக்கொண்டு, எங்களுக்கு டிபன் கட்டி அனுப்பிவிட்டு, அடுப்படியையும் கழுவிவிட்டிருக்கிறார். கதையில் இந்தப் பகுதியை அவர் சொன்னதே இல்லை. நாங்கள் கேட்டதும் இல்லை.

என்ன நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. பருப்பு பொங்கி நுரைக்கும். அந்த நுரையும் தோலும் விசில் குழாயில் போய் அடைத்துக்கொண்டால், ஆவி வெளியேற வழி இல்லை. வெயிட்டை எடுத்தும் ஆவி வரவில்லை என்றால் உள்ளே அழுத்தம் இல்லை என்று அர்த்தமில்லை. வழி அடைத்திருக்கிறது என்றும் அர்த்தமாகலாம். சாதாரணப் பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். குக்கருக்குள் அது சுமார் 120 டிகிரி வரை போகும். அந்தச் சூட்டில் இருப்பதைத் திடீரென்று திறந்துவிட்டால் பருப்பு கூரைக்குத்தான் போகும்.

இந்த ஆபத்து குக்கர் பிறந்த காலத்திலேயே தெரிந்ததுதான். 1679-ல் லண்டனில் இதன் முன்னோடியைச் செய்த டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர், ஆவியைத் தானாக வெளியேற்றும் பாதுகாப்பு வால்வையும் அதில் சேர்த்தார். 1682-ல் அதில் சமைத்து ராயல் சொசைட்டி விஞ்ஞானிகளுக்கு விருந்தே போட்டார். வால்வு இல்லாமல் இந்தப் பாத்திரத்தை நம்ப முடியாது என்று அவருக்கே தெரிந்திருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பருப்பு, சுண்டல் போன்றவற்றுக்குப் பாதி அளவுக்கு மேல் குக்கரை நிரப்பாதீர்கள். மற்றவற்றுக்கு மூன்றில் இரண்டு பங்கு போதும். மூடும் முன் விசில் குழாயை வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை தெரிகிறதா என்று பாருங்கள். விசில் வரவில்லையா? அடுப்பை அணைத்து, தொடாமல் விட்டுவிடுங்கள். முழுக்க ஆறிய பிறகும் மூடி முரண்டு பிடித்தால், இன்னும் காத்திருங்கள். சாம்பார் இல்லாமல் ஒருநாள் தயிர் சாதம் சாப்பிட்டால் குறைந்துவிட மாட்டோம்.

இரண்டு கை உப்பு

மனசு கனத்துவிட்டதா? இது வெறும் சிரிப்புக் கதை.

ரம்ஜான் மாதம் வந்தால் எங்கள் தெருவில் மாலை நேரத்துக்கே ஒரு தனி வாசனை உண்டு. நோன்புக் கஞ்சி! பக்கத்து வீட்டு மாமி ஒரு தூக்கு நிறைய எங்களுக்கும் கொடுத்து அனுப்புவார். நோன்பு இருப்பதால் ருசி பார்க்க மாட்டார். உப்பெல்லாம் கைப்பக்குவம்தான்.

ஒருநாள் மாமி உப்பு போட்டுவிட்டுத் தொழப் போனார். அந்த நேரம் அடுப்படிக்கு வந்த மருமகள், 'மாமி மறந்திருப்பாங்க' என்று இன்னொரு கை உப்பைப் போட்டுவிட்டார். நோன்பு திறக்கும் நேரம். முதல் வாய் கஞ்சி குடித்த மாமா எதுவுமே பேசவில்லை. நேராகப் பேரீச்சம்பழத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீ போட்டியா?" "நீங்க போட்டீங்களா?" அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு சட்டம். உப்பு போட்டவர், உப்பு ஜாடியைக் கவிழ்த்து வைக்க வேண்டும்.

உப்பு கூடிப்போனால் உருளைக்கிழங்கைப் போட்டால் உறிஞ்சிவிடும் என்பார்கள். கிழங்கு உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் குடிக்கும், அவ்வளவுதான். மீதிக் குழம்பில் உப்பு அதே அளவில்தான் இருக்கும். நீர்க்க வைப்பதுதான் வழி. தண்ணீரோ தேங்காய்ப்பாலோ சேர்க்கலாம். அல்லது உப்பில்லாமல் இன்னொரு பங்கு சமைத்துக் கலந்துவிடலாம். மாமி அதைத்தான் செய்தார். தெருவில் பாதிப் பேருக்கு அன்று இரவு மறுபடி கஞ்சி!

சீடை யுத்தம்

கிருஷ்ண ஜயந்தி வந்தால் எங்கள் அத்தை சமையலறைக்குள் நுழைவதே போருக்குப் போவது போல இருக்கும். ஒரு கையில் ஜல்லிக்கரண்டி, இன்னொரு கையில் கேடயமாக ஒரு பெரிய மூடி. ஒரு வருடம் முதல் ஈடு எண்ணெயில் விழுந்ததும் பட்... பட்... பட்டென்று ஆரம்பித்தது. பலகாரம் பார்க்க வந்த பெரியப்பா செய்தித்தாளை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார். பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது காலண்டருக்குப் பின்னாலிருந்து ஒரு சீடை கிடைத்தது!

சீடை ஏன் வெடிக்கிறது? எண்ணெயில் போட்டவுடன் வெளிப்புறம் இறுகி ஓடாகிவிடும். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் ஆவியாகும். தண்ணீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கும் மேல் விரியும். போக வழி இல்லாததால் ஓட்டை உடைத்துக்கொண்டு வருகிறது. மாவில் கட்டி இருந்தாலும், கல் உப்பு கரையாமல் இருந்தாலும், இறுக்கி உருட்டினாலும் இதே கதிதான்.

அதனால் அரிசி மாவையும் உளுத்தம் மாவையும் நன்றாகச் சலியுங்கள். உப்பைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டிச் சேருங்கள். லேசாக உருட்டி, துணியில் பரப்பி உலரவிடுங்கள். ஊசியால் ஒரு குத்துக் குத்தினால் ஆவிக்கு வழி கிடைக்கும். முதலில் ஒன்றிரண்டை மட்டும் போட்டுத் தள்ளி நின்று பாருங்கள்.

கடலோரத்தில் எங்களுக்கு இன்னொரு வெடியும் உண்டு. அது மீன் சினை. மெல்லிய தோலுக்குள் ஆயிரக்கணக்கான முட்டைகள். அப்படியே எண்ணெயில் போட்டால் பட்டாசுதான். முதலில் ஆவியில் வேகவைத்துவிட்டு வறுத்தால் எண்ணெய் தெறிப்பது வெகுவாகக் குறையும். மீன் துண்டுகளையும் ஈரம் ஒற்றி எடுத்த பிறகே வாணலியில் போடுங்கள்.

எண்ணெய் தீப்பற்றிவிட்டால் மட்டும் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் கனமானது. எண்ணெய்க்கு அடியில் போய் ஒரே நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை மேலே தூக்கி எறியும். அடுப்பை அணைத்து, வாணலியைத் தட்டையான மூடியால் மூடிவிடுங்கள். வாணலியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

பொங்கிய பால்

பாலை அடுப்பில் வைத்துவிட்டு 'ஒரே நிமிஷம்' என்று போனைக் கையில் எடுத்த அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். பால் பொங்கி வழிந்ததும் அடுப்பைத் துடைக்கிற எரிச்சலில் ஒன்றைக் கவனிக்க மாட்டோம். பால் அடுப்பை அணைத்திருக்கும். கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு தேங்கும். கசிவு நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அதில் அந்த நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். மூக்கு சொன்னால் கேளுங்கள். ஃபேன், லைட் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். வெளியே வந்த பிறகு 1906 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம். எரிவாயுக் கசிவுக்கென்றே உள்ள எண் அது.

மையும் வேண்டாம், மாவும் வேண்டாம்

மிளகாய் நறுக்கிய கையால் கண்ணைத் தொட்டுவிட்டு ஆடாத ஆட்டம் ஆடியவர்கள் கை தூக்கலாம். மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். கையில் சமையல் எண்ணெயைத் தேய்த்துவிட்டு, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டுவிட்டால் மட்டும் சுத்தமான தண்ணீரால் கழுவுவதுதான் வழி.

சூடு பட்டால் நம் வீடுகளில் வைத்தியம் பலவிதம். பேனா மை, இட்லி மாவு, பற்பசை, மஞ்சள், ஐஸ் கட்டி. எதுவுமே வேண்டாம். வளையல், மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிட்டு, குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம். தோலின் மேல்பக்கம் ஆறினாலும் உள்ளே சூடு வேலை செய்துகொண்டேதான் இருக்கும். அதைத் தணிக்கத்தான் இவ்வளவு நேரம். மாவையும் மையையும் பூசினால் காயத்தில் கிருமி சேரலாம். காயம் எவ்வளவு ஆழம் என்று டாக்டருக்கும் தெரியாமல் போகும்.

கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். உள்ளங்கை அளவைவிடப் பெரிய காயம், முகத்திலோ மூட்டிலோ பட்ட காயம், குழந்தைகளுக்குப் பட்ட காயம் என்றால் யோசிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். 108 எதற்கு இருக்கிறது?

இதெல்லாம் அம்மாவுக்கு அன்று தெரியாது. தெரிந்திருந்தாலும், 20 நிமிடம் குழாயடியில் நிற்க அவரை யார் விட்டிருப்பார்கள்? எங்களுக்குப் பள்ளிக்கு நேரமாகியிருந்தது. சமையலறையில் சத்தம் கேட்டால் ஹாலில் இருந்து வரும் முதல் கேள்வி 'என்ன உடைஞ்சது?' என்பதுதான். அப்பா மட்டுமல்ல, நானும் அதைத்தான் கேட்டிருக்கிறேன். கேட்கிறவர்கள் பாத்திரத்தைப் பற்றியே கேட்டால், பதில் சொல்கிறவரும் பாத்திரத்தைப் பற்றியேதான் சொல்வார். கையைப் புடவைக்குள் மறைத்துக்கொள்வார்.

போன மாதம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். அம்மா ரசம் இறக்கும்போது இடுக்கி நழுவிப் பாத்திரம் தரையில் உருண்டது. ஹாலில் மொபைலோடு உட்கார்ந்திருந்த என் மகன் எழுந்து ஓடினான். "ஆயா, கையில பட்டுச்சா?"

அம்மா ஒரு நிமிடம் அவனையே பார்த்தார். வழக்கமாக ஏதாவது கிண்டலாகச் சொல்லிவிடுவார். அன்று சொல்லவில்லை. "விரல்ல லேசா பட்டுச்சுடா" என்றார்.

அவன் குழாயைத் திறந்துவிட்டு, பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். 20 நிமிடமும். ரசம் இல்லாமல்தான் அன்று சாப்பிட்டோம். சாப்பிடும்போது அம்மா, "இந்த ரசம் மாடிக்குப் போகல, நேரா வாசலுக்குப் போயிடுச்சு" என்றார். எல்லோரும் சிரித்தோம்.