மத்தியானத்து இருட்டு

2020 ஏப்ரலில் ஒரு நாள். தேனி மாவட்டத்து அனுமந்தன்பட்டியில் காலை பத்து மணி, சிங்கப்பூரில் பன்னிரண்டரை. திராட்சைக்கு வியாபாரி வராத அந்த நாட்களிலும் தோட்டத்துக்குப் போவதை விடாத என் பெரியம்மா, வரப்பில் நின்றபடியே வீடியோ காலில் சிங்கப்பூர்ப் பேரனைக் கூப்பிட்டார்.

"மத்தியானம்ங்கிற, வீடு ஏன்டா இப்படி இருட்டிக் கெடக்கு? லைட்டப் போடச் சொல்லு உங்கம்மாவ."

"லைட்டு எரியுது அப்பத்தா. உங்க மூஞ்சிதான் தெரியல, ஒரே வெள்ளையா இருக்கு."

வெயிலில் நிற்பவருக்கு எந்த போன் திரையும் மங்கல்தான். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் பெரியம்மா சொன்னது சரி. கம்பம் பள்ளத்தாக்கில் மேகமில்லாத சித்திரைக் காலையில் திறந்த வெளியின் வெளிச்சம் 50,000 லக்ஸுக்கு மேல் இருக்கும். வேப்பமரத்தடிக்கு ஒதுங்கினாலும் சில ஆயிரம் லக்ஸ் தேறும். டியூப்லைட் எரியும் கூடத்திலோ 100 முதல் 300 வரைதான். வித்தியாசம் நூறு மடங்கைத் தாண்டுகிறது. வெளியிலிருந்து உள்ளே வந்த சற்று நேரத்தில் கண் பழகிக்கொள்வதால், வீட்டுக்குள் இருப்பது அரை இருட்டு என்று நமக்கு உறைப்பதே இல்லை. ஆனால் வளரும் பிள்ளையின் கண் அந்த நூறு மடங்கைக் கணக்கில் வைத்துக்கொள்கிறது.

சிங்கப்பூரில் அந்த ஆண்டு ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை 'சர்க்யூட் பிரேக்கர்' என்ற கொரோனா ஊரடங்கு. ஏப்ரல் 8 முதல் பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்துவிட்டது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் அப்பாவின் அலுவலகம், மறுபக்கம் அம்மாவின் அலுவலகம், நடுவில் இரண்டாம் வகுப்பு. உடற்பயிற்சிக்கு வெளியே போகலாம் என்று சட்டம் சொன்னது. ஆனால் விளையாட்டுத் திடல் மூடிக்கிடக்கும்போது, மீட்டிங்குக்கு நடுவே பிள்ளையைக் கீழே கூட்டிப்போக யாருக்கு நேரம்? அடுத்த ஆண்டு அந்தப் பையன் கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி போட்டான். "எல்லாம் அந்த ஐபேடு பண்ண வேலை" என்றது குடும்பம் மொத்தமும். என்னைக் கேட்டால், பழியில் பாதிக்கு மேல் வெளிச்சத்தின் மீதுதான் போட வேண்டும்.

சீனாவின் சாண்டோங் மாகாணத்தில் ஃபெய்செங் என்றொரு ஊர். அங்கே 2015 முதலே ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகளின் கண்ணைச் சோதித்துவந்தார்கள். ஊரடங்குக்குப் பிறகு 2020இலும் சோதித்தார்கள். ஆறு வயதுக்காரர்களில் கிட்டப்பார்வை உள்ளவர்கள் முந்தைய ஐந்து ஆண்டுகளில் அதிகபட்சமாக 5.7 விழுக்காடு, 2020இல் 21.5. ஏழு வயதில் 16.2 என்பது 26.2 ஆயிற்று. ஆனால் ஒன்பது, பத்து வயதைத் தாண்டியவர்களிடம் பெரிய மாற்றமில்லை. இத்தனைக்கும் ஆன்லைன் வகுப்பு அவர்களுக்குத்தான் அதிகம்: சின்ன வகுப்புகளுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம், பெரிய வகுப்புகளுக்கு இரண்டரை. திரை மட்டுமே குற்றவாளி என்றால் கணக்கு தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

இதில் ஓர் ஓட்டை உண்டு. கண்ணில் சொட்டு மருந்து விட்டு, உள்தசையைத் தளரவைத்த பிறகு எடுக்கும் அளவுதான் பிள்ளைகளுக்குச் சரியான அளவு. ஃபெய்செங்கில் சொட்டு மருந்து விடாமல் கருவியை மட்டும் வைத்துப் பார்த்தார்கள். பக்கத்துப் பொருளையே பார்த்துப் பார்த்துத் தசை இறுகிப்போன கண்ணும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கலாம். ஆகவே அந்த 21.5ஐ அப்படியே விழுங்க வேண்டாம்.

இதைவிட உறுதியான சான்று கொரோனாவுக்கு வெகு முன்பே கிடைத்துவிட்டது. 2008இல் வெளியான ஆய்வு அது. சிங்கப்பூரிலும் சிட்னியிலும் வாழும் சீன வம்சாவளிப் பிள்ளைகளை, ஆறேழு வயதில், ஒப்பிட்டார்கள். சிங்கப்பூரில் 29.1 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் 3.3. பெற்றோரின் கண்ணாடிக் கணக்கு இரண்டு ஊரிலும் ஏறத்தாழ ஒன்றுதான். வாரத்துக்கு அதிகப் புத்தகம் படித்தவர்கள் சிட்னிப் பிள்ளைகளே. வித்தியாசம் வெளியில்தான் இருந்தது: சிட்னியில் வாரத்துக்குப் பதின்மூன்றே முக்கால் மணி நேரம் திறந்த வெளியில், சிங்கப்பூரில் மூன்று மணி நேரம்.

வெளிச்சம் கண்ணுக்குள் என்ன செய்கிறது? பிறக்கும்போது நம் விழி முன்னிருந்து பின்னாக 17 மில்லிமீட்டர் நீளம். வளர்ந்து முடிக்கையில் 23, 24. எங்கே நிற்க வேண்டும் என்பதை விழித்திரையே அளந்து சொல்கிறது. நல்ல வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமைன் சுரக்கும். 'போதும், நீளாதே' என்ற செய்தி அதன் வழியாகத்தான் போகிறது என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். ஜெர்மனியில் கோழிக்குஞ்சுகளின் கண்ணை மங்கல் திரையால் மூடிப் பார்த்தார்கள். விழி நீண்டு கிட்டப்பார்வை வந்தது. தினமும் பதினைந்து நிமிடம் திரையை எடுத்துவிட்டு 15,000 லக்ஸ் வெளிச்சத்தில் விட்டபோது, சாதாரண அறை வெளிச்சத்தில் விடப்பட்ட குஞ்சுகளைவிட நீளுவது குறைந்தது. டோபமைனைத் தடுக்கும் மருந்தைக் கண்ணில் செலுத்தியதும் அந்தப் பலன் மறைந்தது. விழி ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டால் ஏறக்குறைய மைனஸ் இரண்டரை பவர். நீண்ட விழி திரும்பச் சுருங்குவதில்லை. கண்ணாடி பார்வையைச் சரிசெய்யும், விழியைச் சரிசெய்யாது. பவர் மிகவும் ஏறினால் பின்னாளில் விழித்திரை கிழிவது, விலகுவது போன்ற தொல்லைகளும் வரலாம்.

'பார்த்தாயா, எங்கள் ஊர்ப் பிள்ளைகளே கொடுத்துவைத்தவர்கள்' என்று அனுமந்தன்பட்டிக்காரர்கள் கிளம்பிவிட வேண்டாம். சிங்கப்பூர்ப் பையன் ஜூன் மாதமே பள்ளிக்குத் திரும்பினான். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் திறக்க 2021 நவம்பர் 1 ஆயிற்று. இங்கே வெயில் மிஞ்சியது, எழுத்து மறந்தது. இப்போது இங்கேயும் பிள்ளைகள் கையில் போன் வந்துவிட்டது. தெருவில் கோலி உருட்டுகிறவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கரும்பலகை தெரியவில்லை என்று பிள்ளை சொன்னால் கடையில் கண்ணாடி வாங்கி மாட்டிவிடாமல், சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் இடத்துக்குக் கூட்டிப்போவது நல்லது. தேனியிலேயே அரவிந்த் கண் மருத்துவமனை 1985 முதல் இருக்கிறது.

மருந்து என்று பார்த்தால் வெளி வெளிச்சம் மலிவானது. சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் முதல் வகுப்பிலிருந்து தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 விழுக்காடு, வெளியே விடாத பள்ளிகளில் 39.5. தைவான் 2010 முதல் நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளியே என்பதையே பள்ளித் திட்டமாக்கியது. ஓட வேண்டும், ஆட வேண்டும் என்றுகூட இல்லை. மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசினாலும் வெளிச்சம் வெளிச்சம்தான். சூரியனை நேராக மட்டும் பார்க்கக் கூடாது. நம் பள்ளிகளில் இதற்குப் புதிதாகத் திட்டம் எதுவும் தேவையில்லை. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்காமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.