அகராதிப் பதிவும் அரைக்கட்டமைப்புத் தரவும்

1. முன்னுரை

1970-இல் கோட் முன்வைத்த உறவுநிலைத் தரவுத்தளம், செய்திகளை நிரைகளும் நிரல்களும் கொண்ட அட்டவணைகளில் வைப்பது. நிரல்கள் இன்னவை என்பது முன்னரே வரையறுக்கப்பட வேண்டும். ஊதியப் பட்டியலுக்கு இம்முறை பொருந்தும். அகராதிக்கு எளிதில் பொருந்துவதில்லை. ஒரு சொல்லுக்கு ஒரு பொருளே இருக்கலாம். மற்றொன்றுக்குப் பல பொருள்களும் அவற்றினுள் உட்பொருள்களும் மேற்கோள்களும் இருக்கலாம். சொற்பிறப்புக் குறிப்பு சில பதிவுகளில் உண்டு, சிலவற்றில் இல்லை. இவ்வாறு ஒழுங்குடையதாயினும் ஒரே அச்சில் அமையாத தரவை அரைக்கட்டமைப்புத் தரவு என்பர்.

2. ஆக்ஸ்போர்டு அகராதி

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியைக் கணிப்பொறியில் ஏற்றும் பணி 1984-இல் தொடங்கியது. 1989-இல் 20 தொகுதிகளாக வெளிவந்த இரண்டாம் பதிப்பில் 2,91,500 பதிவுகள் உள்ளன. தலைச்சொல், சொற்பிறப்பு, மேற்கோள் முதலிய உறுப்புகள் குறிகளால் பிரித்துக் காட்டப்பட்டன. அவற்றைத் தேடும் மென்பொருளைக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் உருவாக்கியது. அப்பணியில் ஈடுபட்ட டிம் பிரே, 1998-இல் வெளியான எக்ஸ்.எம்.எல். வரையறையின் பதிப்பாசிரியருள் ஒருவர்.

3. சேமிப்பு முறைகள்

இத்தகைய தரவை மூவகையாகச் சேமிக்கலாம். முழுப் பதிவையும் ஒரே உரையாக வைப்பது முதல் வகை. சேமிப்பது எளிது, உள்ளுறுப்பைத் தேடுவது கடினம். ஒவ்வோர் உறுப்பையும் தனி நிரையாக்கித் தாய் உறுப்பின் எண்ணை உடன் எழுதுவது இரண்டாம் வகை. இதில் பதிவை மீண்டும் ஒன்றுசேர்க்கக் காலம் பிடிக்கும். மரவடிவத்தை அவ்வாறே காத்து, உறுப்புகளுக்கு அடைவு அமைப்பது மூன்றாம் வகை. 2014-இல் போஸ்ட்கிரெஸ் உறவுநிலைத் தரவுத்தளமும் ஜேசான் வடிவத் தரவைப் பகுத்துச் சேமித்து அடைவிடும் வசதியைப் பெற்றது.

4. வினவல்

ஆங்கிலம் கடன்கொண்ட தமிழ்ச் சொற்கள் எவை என ஆய்வாளர் ஒருவர் வினவுவதாகக் கொள்வோம். ‘தமிழ்’ என்னும் பெயரை உரை முழுவதும் தேடினால் மேற்கோள்களில் வரும் இடங்களும் கலந்து வரும். ‘பதிவு, அதனுள் சொற்பிறப்பு, அதனுள் மூலமொழி’ எனப் பாதையைச் சுட்டி வினவினால் கேட்டமரான் (கட்டுமரம்), செரூட் (சுருட்டு), மல்லிகடானி (மிளகுத்தண்ணீர்) போன்றவை தனித்துக் கிடைக்கும். 1999-இல் வெளியான எக்ஸ்பாத், 2007-இல் வெளியான எக்ஸ்குவெரி ஆகிய வினவல் மொழிகள் இப்பாதை முறையில் அமைந்தவை.

இங்கு ஓர் இடர் உண்டு. மூலமொழிக்குக் குறி இடப்படாத பதிவும், ‘திராவிடம்’ என்று மட்டும் குறிக்கப்பட்ட பதிவும் விடையில் வாரா. அட்டவணையில் வெற்றுக்கட்டம் கண்ணில் படும். இங்கோ உறுப்பே இல்லை. பாதை வினவல் அதனைப் பிழையென அறிவிக்காமல் கடந்துவிடும். பெற்ற எண்ணிக்கை முழுமையானது என ஆய்வாளர் கருதிவிடுவார்.

5. முடிவுரை

அரைக்கட்டமைப்பு முறை சேமிப்பில் அளிக்கும் உரிமை, வினவலில் பொறுப்பாக மாறுகிறது. எனவே அகராதித் தரவை உருவாக்குவோர் குறிகளுக்கு வரையறையும் மொழிப்பெயர்களுக்கு ஒரே பட்டியலும் வகுத்தல் வேண்டும். பயன்படுத்துவோர் ‘இக்குறி இல்லாத பதிவுகள் எவை?’ என்னும் எதிர்வினவலையும் நிகழ்த்தி, அவ்வெண்ணிக்கையையும் முடிவுடன் தருதல் வேண்டும். விடையில் இல்லாத சொல் மொழியிலும் இல்லை எனக் கொள்ளலாகாது.