கொடைக்கானல் உயரத்தில் ஒரு ஃப்ரீ கிக்

மெக்சிகோ நகரத்து அஸ்டெகா மைதானம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் சுமார் 2,100. பெலேயின் பிரேசில் 1970-லும் மரடோனாவின் அர்ஜென்டினா 1986-லும் உலகக் கோப்பையை வென்ற காற்று எப்படியிருக்கும் என்று அறிய, கொடைக்கானல் மலையடிவாரத்துக் கெங்குவார்பட்டிக்காரர் விமானம் ஏற வேண்டாம். கையில் ஒரு பந்தோடு காட்ரோட்டில் கொடைக்கானல் பஸ்ஸுக்கு நின்றால் போதும்.

மேட்ச் பார்க்கவும் ஊர் சுற்றவும் சேர்த்துக் கிளம்புகிறவர்கள் பார்சிலோனா, லிவர்பூல் என்றுதான் ஆரம்பிப்பார்கள். என் ஓட்டு மலை நகரங்களுக்கு. அங்கே ஆட்டத்தையே உயரம் மாற்றிவிடுகிறது.

மலை ஏற ஏற, நம் தலைக்கு மேலே உள்ள காற்றின் எடை குறைகிறது, அழுத்தமும் குறைகிறது. போகும் வழியில் டம்டம் பாறையில் இறங்கி எலிவால் அருவியைப் பார்க்கும்போது பையிலிருக்கும் சிப்ஸ் பாக்கெட் உப்பியிருக்கும். கொடைக்கானலில் அழுத்தம் கெங்குவார்பட்டியில் உள்ளதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆனால் பந்து சிப்ஸ் பாக்கெட் அளவுக்கு மாறாது. வெளி அழுத்தம் குறைவதால் அது கொஞ்சம் கெட்டியாகும். மேலே உள்ள குளிரில் உள்காற்று சுருங்குவதால் அதில் பாதிக்கு மேல் சரியாகிவிடும். காற்றின் அடர்த்தியிலும் குளிர் இதே வேலையைச் செய்கிறது. கீழே 35 டிகிரி, மேலே 18 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போட்டால், கொடைக்கானல் காற்று 15 சதவீதம் அளவுக்குத்தான் மெலிந்தது.

அந்த 15 சதவீதமே ஃப்ரீ கிக் அடிப்பவருக்குத் தலைவலி. சுழலும் பந்து தன்னை ஒட்டிய காற்றை ஒரு பக்கமாகத் திருப்பித் தள்ளுகிறது; காற்று பந்தை எதிர்ப் பக்கம் தள்ளுகிறது. மேக்னஸ் விளைவு என்பது இதுதான். தள்ளக் காற்று குறைந்தால் வளைவும் குறையும். 1997-ல் பிரான்சுக்கு எதிராக லியோனில் ராபர்ட்டோ கார்லோஸ் ஏறக்குறைய 35 மீட்டரிலிருந்து அடித்த பந்து, தடுப்புச் சுவருக்கு வெளியே போய் உள்ளே திரும்பி கோலானது. அதே உதையை அஸ்டெகாவில் உதைத்திருந்தால் பந்து கம்பத்துக்கு வெளியே போயிருக்கும் என்றே நினைக்கிறேன். காற்றின் தடையும் குறைவதால் பந்து அவ்வளவாக வேகம் இழக்காமல் வரும்; கீழ்நாட்டு கோல்கீப்பர் கை நீட்டுவதற்குள் கடந்துவிடும்.

பந்துக்குச் சாதகமானது மனிதனுக்குப் பாதகம். மலை மேலும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன்தான். அதை நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் தள்ளும் அழுத்தம்தான் போதவில்லை. இதில் ஒரு விநோதம் உண்டு. பத்து நொடி ஓட்டத்துக்கு உடல் புதிய ஆக்சிஜனை அதிகம் நம்பியிருப்பதில்லை. தசையில் இருக்கும் சேமிப்பே பெரும்பாலும் போதும், காற்றுத் தடையும் குறைவு. 1968 ஒலிம்பிக்கில் இதே மெக்சிகோ நகரத்தில் பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டினார், ஜிம் ஹைன்ஸ் 100 மீட்டரை 9.95 நொடியில் ஓடினார். நெடுந்தூர ஓட்டக்காரர்களோ திணறினார்கள். 1986-ல் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா தன் பாதியிலிருந்து பந்தைக் கடத்திப்போய்ப் போட்ட கோலும் பத்து நொடி வேலைதான். அந்த ஓட்டத்தை உயரம் தடுக்காது. அது முடிந்து மூச்சு திரும்பி, அடுத்த ஓட்டத்துக்குத் தயாராகும் நேரத்தைத்தான் நீட்டிவிடும்.

பொலிவியாவின் லா பாஸ் நகரத்து மைதானம் 3,600 மீட்டரில் இருக்கிறது. 2009 ஏப்ரலில் மரடோனா பயிற்றுவித்த அர்ஜென்டினா, மெஸ்ஸி ஆடியும், அங்கே 6-1 என்று தோற்றது. 2007-ல் ஃபிஃபா 2,500 மீட்டருக்கு மேல் சர்வதேச ஆட்டங்கள் கூடாது என்றபோது பொலிவியா கொதித்தது; தடை நிலைக்கவில்லை. பிறகு பொலிவியா இன்னும் மேலே ஏறி, 4,000 மீட்டரைத் தாண்டிய எல் ஆல்டோவில் ஆடத் தொடங்கி, 2025 செப்டம்பரில் பிரேசிலை 1-0 என்று வென்றது. லா பாஸிலிருந்து எல் ஆல்டோவுக்கு நகரப் பேருந்து போல கேபிள் கார் ஓடுகிறது. சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு டிக்கெட் பணம் அதிலேயே தேறிவிடும்.

உடல் பழக ரத்தத்தில் சிவப்பணு கூட வேண்டும், அதற்கு வாரக்கணக்காகும். மலைநோயின் தலைவலியும் வாந்தியும் பல மணி நேரம் கழித்தே தொடங்குகின்றன. அதனால்தான் விருந்தாளி அணிகள் அதே நாட்டின் தாழ்வான சாந்தா குரூஸ் நகரில் தங்கி, ஆட்டத்துக்குச் சற்று முன்பு லா பாஸ் போய், முடிந்ததும் இறங்கிவிடுகின்றன. நம் கொடைக்கானல் உயரத்துக்கு இவ்வளவு பயம் தேவையில்லை. ஆனால் கீழிருந்து விளையாடப் போகிற பையன்கள், ஆட்டத்துக்கு முன் அரை மணி நேரமாவது நீண்ட பாஸும் ஃப்ரீ கிக்கும் அடித்துப் பார்ப்பது நல்லது. கீழே அளவாக விழும் பந்து, மேலே ஓரிரு மீட்டர் தள்ளித்தான் விழும்.