கல்லுக்காக மலை ஏறிய ஆதி மனிதர்கள்! சென்னை அருகே 15 லட்சம் ஆண்டு பழைய கதை

சென்னை,-

கோபாலபுரத்தில் வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டினால் மணலும் களிமண்ணும்தான் வரும். ஜல்லி வேணும்னா வெளியூரில் இருந்து லாரியில்தான் வரணும். கடலோரப் பகுதி என்றால் அப்படித்தான்.

லாரியும் இல்லை, இரும்பும் இல்லை. கல்லிலேயே கத்தி, கோடரி செய்த ஆதி மனிதர்கள் அந்தக் கல்லுக்கு எங்கே போனார்கள்?

பல்லாவரத்தில் கோடரி

இதற்கு விடை தேடும் வேலை சென்னையில்தான் தொடங்கியது. 1863-ம் ஆண்டு மே 30-ந்தேதி புவியியல் ஆய்வுத்துறை அதிகாரி ராபர்ட் புரூஸ் பூட், பல்லாவரத்தில் சரளைக்கல் தோண்டிய பள்ளத்தில் ஒரு கல் கருவியை கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால ஆராய்ச்சிக்கு பிள்ளையார் சுழி போட்டது அந்தக் கல்தான்.

அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் பூண்டி அருகே உள்ள அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தன. அங்குள்ள பழமையான கருவிகளுக்கு சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று சாந்தி பப்பு தலைமையிலான குழு 2011-ல் அறிவித்தது. அதாவது, நம்மைப் போன்ற மனித இனம் தோன்றுவதற்கும் முந்தைய காலம்!

எல்லா கல்லும் ஆகாது

கையில் கிடைத்த கல்லை எல்லாம் அவர்கள் எடுக்கவில்லை. 'குவார்ட்சைட்' என்ற கல்லைத்தான் தேடினார்கள். மணல் இறுகிப் பாறையான கல் இது. சரியான இடத்தில் ஒரு தட்டு தட்டினால் சில்லு பெயரும். ஓரம் கத்தி மாதிரி கூராக இருக்கும்.

பூண்டி பக்கம் உள்ள அல்லிக்குளி மலைகளில் இந்தக் கல் உருண்டை உருண்டையாக கிடக்கிறது. மழை வெள்ளம் அதை ஓடைகளுக்கும் இழுத்து வந்தது.

அத்திரம்பாக்கத்தில் பழைய கருவிகள் கிடைத்தது களிமண் அடுக்கில். அங்கே பெரிய கற்கள் கிடையாது. எனவே கல் உள்ள இடத்திலேயே பெரிய சில்லுகளாக உடைத்து, அதை மட்டும் தூக்கி வந்து கருவி செய்துள்ளனர் என்கிறார்கள் ஆய்வாளர்கள். வீண் சுமை எதற்கு என்ற கணக்கு அப்பவே இருந்திருக்கு!

தேரிக்காட்டில் குட்டிக் கருவிகள்

தூத்துக்குடி கடலோர தேரிக்காட்டில் பிற்காலத்தில் வாழ்ந்தவர்கள் வேறு வழி பிடித்தார்கள். வெள்ளையான வெங்கச்சங்கல், சிக்கிமுக்கி வகையைச் சேர்ந்த 'செர்ட்' கல் இரண்டிலும் விரல் அளவு சில்லுகள் செய்தார்கள். கருவி சிறுத்ததால் கொஞ்சம் கல்லே போதுமானதாக இருந்தது.

லாரியில் போகும் வரலாறு

ஆதி மனிதர்களின் கருவிகள் புதைந்து கிடப்பது பெரும்பாலும் சரளை, செம்மண் அடுக்குகளில். ரோடு போடவும் பள்ளம் நிரப்பவும் நாம் வெட்டி எடுப்பதும் அதைத்தான். ஒரு லோடு போனால், எந்தக் கருவி எந்த அடுக்கில் கிடந்தது என்ற தடயமும் கூடவே போய்விடும். பிறகு வயதை கணக்கிட வழியில்லை.

புரூஸ் பூட் சேகரித்த கருவிகளை 1904-ல் எழும்பூர் அருங்காட்சியகம் வாங்கியது. பூண்டியிலும் தமிழக தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் உள்ளது. பிள்ளைகளை ஒரு லீவு நாளில் கூட்டிப் போய் காட்டலாம். மண் தோண்டும்போது ஓரம் கூராக செதுக்கிய கல் தென்பட்டால், தூக்கி வீசாமல் தாசில்தார் அலுவலகத்தில் சொல்லுங்க.