கழற்றுவதற்கு ஒரு கருவி, முறுக்குவதற்கு ஒரு கருவி

பஞ்சர் கடையில் சக்கரத்தை மாட்டி முடிக்கும்போது ‘டர்ர்ர்’ என்று ஒரு சத்தம் எழும். கம்ப்ரசரிலிருந்து வரும் ரப்பர் குழாய், அதன் நுனியில் ஒரு கன். நாலு நட்டும் சில நொடியில் இறுகிவிடும். காசைக் கொடுத்துவிட்டுக் காரைக் கிளப்பி விடுகிறோம். அந்த நட்டு எவ்வளவு இறுகியிருக்கிறது என்பது பிறகுதான் தெரியவரும். கொல்லம் - திருமங்கலம் நெடுஞ்சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே எங்கோ ஒரு டயர் இறங்கும். டிக்கியில் கிடக்கும் ‘எல்’ வடிவ ஸ்பேனரை மாட்டி ஏறி மிதித்தாலும் நட்டு அசையாது.

திருப்புவிசை, மெக்கானிக்குகள் சொல்லும் ‘டார்க்’, என்பது கொடுக்கும் விசையையும் பிடியின் நீளத்தையும் பெருக்கி வருவது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 25 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் முழு எடையையும் போட்டு நின்றால் சுமார் 147 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். சிறிய கார்களின் சக்கர நட்டுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் அளவு பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். அந்த அளவில் முறுக்கியிருந்தால் ஸ்பேனரே போதும். கடையில் இருக்கும் காற்றுக் கன்னோ 500 நியூட்டன் மீட்டரைச் சாதாரணமாகத் தாண்டக்கூடியது. அதன் பொத்தானை அழுத்தியபடி ஓரிரு நொடி கூடுதலாகப் பிடித்துவிட்டால், பிறகு மனித எடை அந்த நட்டிடம் செல்லாது. இரண்டு மழைக்காலம் கடந்து மரையில் துரு ஏறிவிட்டால் நிலைமை இன்னும் மோசம்.

இதனால்தான் அந்தக் கன்னைப் போலவே வேலை செய்யும், பேட்டரியில் ஓடும் இம்பாக்ட் ரெஞ்சை வீட்டுக்கு வாங்கி வைக்கும் ஆசை பலருக்கும் வந்திருக்கிறது. 1936-இல் ராஜபாளையம் மில் தொடங்கியதிலிருந்து நூற்பாலைகளை நம்பி வளர்ந்த ஊர் ராஜபாளையம். ஃபிட்டர் வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஸ்பேனர் பிடித்துப் பழகிய கை, தன் காரின் சக்கரத்தைத் தானே கழற்றிப் பார்க்க ஆசைப்படுவது இயல்பு. அது நல்ல ஆசையும்கூட. டயர்களை முன்பின் மாற்றிப் போடுவது, பிரேக் பேடு தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது போன்ற வேலைகளை வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம். ஆனால் எதை வாங்குவது என்பதைப் பெட்டியில் அச்சடித்த எண்ணைப் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்துவிடுவோம். அந்தக் கருவிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் தேர்வு தானாகத் தெளியும்.

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் நிலையை விட்டுக் கிளம்புவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அடிப்படை ஏற்கெனவே தெரியும். அத்தனை பேர் வடம் பிடித்தாலும் நின்ற தேர் முதல் அசைவுக்குப் பிடிவாதம் பிடிக்கும். சக்கரத்துக்குப் பின்னால் சன்னை போட்டு உந்திக் கொடுக்க வேண்டும். உருளத் தொடங்கிவிட்டால் அவ்வளவு பாடில்லை. நின்றிருக்கும் பொருளின் உராய்வு, நகரும் பொருளின் உராய்வைவிட அதிகம். இறுகிய நட்டும் அப்படியே: ஒரு மயிரிழை நகர்ந்துவிட்டால் மிச்சம் விரலால் சுழற்றும் வேலைதான். அந்த முதல் நகர்வைப் பெறச் சீராக அழுத்துவதைவிடத் திரும்பத் திரும்பத் தட்டுவது நன்றாக வேலை செய்கிறது.

இம்பாக்ட் ரெஞ்சுக்குள் இருக்கும் மோட்டார் நட்டை நேராகத் திருப்புவதில்லை. அது பற்சக்கரங்கள் வழியாக ஒரு கனத்த எஃகுச் சுத்தியலைச் சுழற்றுகிறது. சுத்தியலின் முகத்தில் இரண்டு புடைப்புகள். எதிரே, சாக்கெட் மாட்டும் தண்டின் மறுமுனையில் இரண்டு காதுகள், அதுதான் பட்டடை. நட்டு இலகுவாகச் சுழலும்வரை இரண்டும் சேர்ந்தே சுழலும். நட்டு மறித்ததும் சுத்தியல், தண்டில் வெட்டிய சாய்வான பள்ளத்தில் உருளும் எஃகுக் குண்டுகளின் மேலேறிப் பின்வாங்கும்; வில்லுச்சுருள் அமுங்கும். காதைத் தாண்டியதும் சுருள் விரிந்து சுத்தியலை முன்னே தள்ள, அது சுழன்று வந்து அடுத்த காதில் அறையும். இது நிமிடத்துக்கு 3,000 முறைகூட நடக்கும்.

கணக்குக்காக அதையே எடுத்துக்கொள்வோம். 3,000 அடி என்றால் ஒரு அடிக்கும் அடுத்ததற்கும் இடையே 20 மில்லி நொடி. அந்த நேரம் முழுக்க மோட்டார் சுத்தியலுக்குக் கோண உந்தத்தை ஊட்டுகிறது. அடி விழுந்து அந்த உந்தம் நட்டுக்குக் கைமாறுவதற்கு அரை மில்லி நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், நேரம் நாற்பதில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. திருப்புவிசை நாற்பது மடங்காகிறது. மோட்டார் பக்கம் 10 நியூட்டன் மீட்டர் இருந்தால் நட்டின் பக்கம் 400. பிடித்திருக்கும் கை உணர்வது அந்தப் பத்தை ஒட்டிய அளவைத்தான். அதனால்தான் 400 நியூட்டன் மீட்டர் கருவியை ஒரு கையால் பிடிக்க முடிகிறது. அதே 400-ஐச் சீராகக் கொடுக்கும் கருவியாக இருந்தால் மணிக்கட்டு திருகிப் போகும்.

இதிலிருந்து வாங்குபவருக்கு ஒரு பாடம் உடனே கிடைக்கிறது. அடியின் வேகம்தான் அதன் பலம் என்றால், வழியில் வளைந்து கொடுக்கும் எதுவும் அந்தப் பலத்தைத் தின்றுவிடும். நீளமான எக்ஸ்டென்ஷன், ஆட்டம் கொடுக்கும் சாக்கெட், வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பளபளப்பான குரோம் சாக்கெட் எல்லாம் சேர்ந்து 400-ஐப் பெயரளவில் வைத்துவிடும். குரோம் சாக்கெட்டில் ஆபத்தும் உண்டு. அது கையால் திருப்புவதற்கென்று கடினமாக்கப்பட்ட எஃகு. அடி தாங்காமல் தெறித்துக் கண்ணில் படலாம். இம்பாக்ட் வேலைக்கென்றே கறுப்பு நிறத்தில், கனத்த சுவரோடு வரும் சாக்கெட்டுகளையே வாங்க வேண்டும். அரை அங்குலச் சதுர முனையில் 17, 19, 21 மில்லிமீட்டர் மூன்றும் இருந்தால் நம் ஊர்க் கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் போதும்.

அடுத்தது வோல்ட். கடையில் 18 என்று ஒன்று, 20 என்று ஒன்று, 21 என்று இன்னொன்று. மூன்றுக்குள்ளும் இருப்பது வரிசையாகக் கோத்த 5 லித்தியம் செல்கள். ஒரு செல்லின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழுதாக சார்ஜ் ஏறிய நிலையில் 4.2, ஐந்துக்கு 21. ஒரே பொருளை வேறு வேறு நேரத்தில் அளந்து எழுதிய எண்கள் இவை. இணையச் சந்தையில் 48, 88, 128 என்றெல்லாம் பெரிதாக அச்சடித்து வரும் மலிவுக் கருவிகளிலும் பெரும்பாலும் அதே 5 செல்தான் இருக்கிறது. இது வாங்குபவரை ஏமாற்றும் வேலை. எத்தனை வோல்ட் என்பதைவிட வாட் மணியைப் பாருங்கள்: 18 வோல்ட், 4 ஆம்பியர் மணி என்றால் 72 வாட் மணி. வீட்டுக்கு இது தாராளம். பேட்டரியின் மேல் ஐஎஸ் 16046 என்ற இந்தியத் தர நிர்ணய எண் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டார்க் எண்ணிலும் இரண்டு உண்டு. முறுக்கும்போது தருவது ஒன்று, கழற்றும்போது தருவது இன்னொன்று. மகிட்டாவின் டிடிடபிள்யூ300 என்ற கருவிக்கு அந்நிறுவனம் 330 என்றும் 580 என்றும் இரண்டு எண்களைத் தருகிறது. பெட்டியில் ஒரே ஒரு பெரிய எண் மட்டும் இருந்தால் அது கழற்றும் எண் என்றே வைத்துக்கொள்ளலாம். வீட்டுக் காருக்கு முறுக்கும் எண் 300-இலிருந்து 400-க்குள் இருப்பதே பொருத்தம் என்பது என் கருத்து. 1,000-க்கு மேல் உள்ளவை லாரிப் பட்டறைக்கானவை. கனம் அதிகம், விலை அதிகம், சக்கர போல்ட்டை முறித்துவிடும் வாய்ப்பும் அதிகம். கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார், வேகத்தை மூன்று நிலையாக மாற்றும் வசதி, மதுரையிலாவது ஒரு சர்வீஸ் மையம்: இந்த மூன்றுக்கும் கூடுதல் பணம் கொடுக்கலாம்.

நம் பக்கத்து வெயிலை மறந்துவிட்டு எந்த பேட்டரியையும் வாங்கக் கூடாது. சித்திரை மாத வெயிலில் நிறுத்திய கார் உள்ளே 60 டிகிரியை எட்டும். லித்தியம் செல்லுக்கு அது மெதுவான கொலை. உள்ளிருக்கும் வேதிப்பொருள்கள் வேகமாகச் சிதைந்து, கொள்ளளவு திரும்பி வராமல் குறையும். ‘வழியில் உதவும்’ என்று டிக்கியிலேயே போட்டு வைப்பவர்கள், செண்பகத்தோப்புச் சாலையில் தேவைப்படும் நாளில் செத்த பேட்டரியைத்தான் கையில் எடுப்பார்கள். கருவியை வீட்டுக்குள் நிழலான அலமாரியில், பாதி சார்ஜில் வைக்க வேண்டும். வேலை முடிந்த சூட்டோடு சார்ஜரில் மாட்டாமல் ஆறவிட வேண்டும். காரில் வைக்க வேண்டியது அரை மீட்டர் நீளமுள்ள ஒரு நல்ல ஸ்பேனர். அதே 60 கிலோ மனிதருக்கு அது 294 நியூட்டன் மீட்டர் தரும். அதற்கு சார்ஜும் வேண்டாம், வெயிலும் பொருட்டில்லை.

இனி முறுக்கும் வேலைக்கு வருவோம். கடைசி இறுக்கத்தைக் கன்னிடம் விடக் கூடாது. சக்கரத்தைப் பிடித்து வைத்திருப்பது நட்டு என்று நினைக்கிறோம். உண்மையில் பிடிப்பது, சக்கரமும் ஹப்பும் ஒன்றையொன்று அழுத்துவதால் உண்டாகும் உராய்வு. போல்ட் ஒரு விறைப்பான வில்லுச்சுருள் போன்றது. முறுக்கும்போது கண்ணுக்குத் தெரியாமல் நீள்கிறது, சுருங்க முயன்று சக்கரத்தை இறுக்குகிறது. 12 மில்லிமீட்டர் போல்ட்டை உலர்ந்த மரையில் 100 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினால் சுமார் 4.2 டன் இறுக்கம் வரும். நாலு போல்ட்டுக்குக் கிட்டத்தட்ட 17 டன். இவ்வளவுக்கும் நாம் கொடுக்கும் உழைப்பில் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டப் போகிறது. மிச்சம் மரையிலும் நட்டின் அடியிலும் உராய்விலேயே போய்விடுகிறது. மரையில் கிரீஸ் தடவிவிட்டு அதே 100-க்கு முறுக்கினால் இறுக்கம் ஆறரை டன்னை நெருங்கிவிடும். சக்கர போல்ட்டில் எண்ணெய் போடாதீர்கள் என்று கையேடுகள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

கன்னால் 300-க்கு முறுக்கினால்? கணக்குப்படி 12 டன்னுக்கு மேல். அந்தத் தடிமன் போல்ட் அதைத் தாங்காது. நீண்டது நீண்டபடி நின்றுவிடும். நீண்டு போன சுருள் பிடிக்காது. ஒரு நட்டு அதிகமாகவும் அடுத்தது குறைவாகவும் இறுகினால் ஹப்போடு சேர்ந்து பிரேக் டிஸ்க்கும் கோணலாகி, பிரேக் மிதிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கும். கன்னின் அடியோ பேட்டரியின் சார்ஜ், மரையின் அழுக்கு, சாக்கெட்டின் ஆட்டம் எல்லாவற்றையும் பொறுத்து மாறிக்கொண்டே இருப்பது. அதை வைத்து அளந்து முறுக்க வழியில்லை. ஆயில் சம்ப் போல்ட், ஸ்பார்க் பிளக் போன்ற மென்மையான மரைகள் பக்கம் அதைக் கொண்டே போகக் கூடாது. மரை போய்விட்டால் செலவு கருவியின் விலையைத் தாண்டும்.

அதனால் கன்னுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை, குறித்த அளவு வந்ததும் ‘டிக்’ என்று சொல்லும் டார்க் ரெஞ்சுக்கு வைத்துவிட வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் டார்க் ரெஞ்சையே வாங்கச் சொல்வேன். நட்டைக் கையால் நாலைந்து சுற்று ஏற்றிவிட்டு, மெதுவான நிலையில் கன்னால் உட்காரும்வரை மட்டும் ஓட்டலாம். பிறகு ஜாக்கியை இறக்கி, டயர் தரையில் ஊன்றியதும், எதிரெதிர் நட்டாக டார்க் ரெஞ்சால் கையேட்டு அளவுக்கு முறுக்க வேண்டும். கன்னின் அடி விழும் சத்தம் 100 டெசிபல் அளவுக்குப் போகும் என்பதால் காதுக்கு அடைப்பான், கண்ணுக்குக் கண்ணாடி இரண்டும் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை நீட்டக் கூடாது. ஸ்டாண்டு கொடுத்த பிறகே வேலை. சக்கரம் மாட்டி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகள் சற்றுத் தளர்ந்திருக்கக்கூடும். ராஜபாளையத்திலிருந்து கிளம்பினால் மதுரை போய்ச் சேர்ந்ததும், சக்கரம் ஆறியபின், ஒரு முறை டார்க் ரெஞ்சை வைத்துப் பார்த்துவிடலாம். வேலை முடிந்ததும் அதன் அளவைக் குறைந்தபட்சக் குறிக்கு இறக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் சுருள் தளர்ந்து, அடுத்த முறை தவறான இடத்தில் ‘டிக்’ என்னும்.